கிணறு எந்தப் பக்கம்?

எங்கள் பாடசாலைச் சித்திர ஆசிரியர் புத்தளத்துக்காரர். ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆவுக்காகப் பாடசாலை நேரத்தோடு விட்ட பின்னர், தடித்த புத்தகம் ஒன்றைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார்.

"இத ஒருக்கா பாருங்க மாஸ்டர். உங்கட ஆக்கள்ற வீடெல்லாம் இதுக்குள்ள இரிக்கி."

'உங்கட ஆக்கள்' என்றால் யார் என்று கற்பிட்டிப் பக்கத்தில் எவருக்கும் விளக்கத் தேவையில்லை. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து விரட்டப்பட்டு வந்தவர்கள் நாங்கள். இங்கேயே படித்து, இங்கேயே கலியாணம் முடித்து, இங்கேயே பிள்ளைகள் பெற்று, வாப்பாவை இங்கேயே அடக்கியும் விட்டோம். ஆனாலும் அந்தச் சொல் போகவில்லை. மனிதர் குத்தலாகச் சொல்லவுமில்லை. அவரே எங்கள் ஆக்களுக்குள்தான் பெண் எடுத்திருக்கிறார்.

முதலில் அது புத்தகம் என்றே எனக்குப் படவில்லை. கச்சேரி அலுமாரிகளில் தூசு படிந்து கிடக்கும் கோவை ஒன்றைப் போலிருந்தது. பிறகுதான் தெரிந்தது, அதை வேண்டுமென்றேதான் அப்படிச் செய்திருக்கிறார்கள் என்று. 'த இன்கம்ப்ளீட் தோம்பு' என்பது அதன் பெயர். முற்றுப்பெறாத தோம்பு என்று சொல்லலாம். செய்தவர் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் நுண்கலை கற்பிக்கும் ஓவியர் தா. சனாதனன். வெளிவந்த ஆண்டு 2011.

தோம்பு என்ற சொல்லை இன்றைய பிள்ளைகள் அறிந்திருக்க மாட்டார்கள். போர்த்துக்கேயரும் பின்னர் ஒல்லாந்தரும் நமது கரையோரங்களை ஆண்டபோது எழுதி வைத்த காணிப் பதிவேடு அது. ஒல்லாந்தர் தோம்பிலே காணியோடு அதிலிருந்த குடும்பத்தையும் எழுதினார்கள், மரங்களையும் எண்ணி எழுதினார்கள். வரி வாங்குவதற்காகத்தான். என்றாலும் ஆளையும் நிலத்தையும் மரத்தையும் ஒரே பதிவில் வைத்திருந்தது அந்தக் காலத்து அரசாங்கம் என்பது எனக்கு ஒரு பெரிய விடயமாகப் பட்டது. இந்தக் காலத்தில் ஆள் ஒரு திணைக்களத்துக்கும் நிலம் ஒரு திணைக்களத்துக்கும் மரம் இன்னொரு திணைக்களத்துக்கும் சொந்தமாகிவிட்டன. அதன் கதையைப் பின்னால் சொல்கிறேன்.

புத்தகத்துக்குள் இருப்பவை வீடுகள். யுத்தத்தால் வீட்டை இழந்தவர்களிடம் ஓவியர் போயிருக்கிறார். விட்டுவந்த வீட்டை நினைவிலிருந்து கீறித் தரும்படி கேட்டிருக்கிறார். அவர்கள் கோணல்மாணலாகக் கீறிக் கொடுத்த தரைப்படம் ஒரு தாள். அதையே ஒரு கட்டடக் கலைஞர் நேர்கோட்டில், அளவோடு வரைந்தது இன்னொரு தாள். மூன்றாவது தாள் ஓவியருடையது. அவர் அந்த வீட்டை, அதன் கதையைக் கேட்ட பிறகு, தன் மனதில் கண்டபடி பஸ்டலால் வரைந்திருக்கிறார். தமிழர் வீடுகளும் முஸ்லிம்களின் வீடுகளும் ஒரே கோவைக்குள் இருக்கின்றன.

உண்மையைச் சொல்வதானால், அந்தக் கடைசி விடயம் எனக்கு முதலில் பிடிக்கவில்லை. நம்மை விரட்டியவர்கள் தமிழின் பெயரால் ஆயுதம் தூக்கியவர்கள். அவர்களுடைய இழப்பையும் நம்முடைய இழப்பையும் ஒரே நூலால் கட்டி வைப்பதா என்று மனம் முரண்டியது. புத்தகத்தை மூடிவிட்டுப் பள்ளிக்குப் போய்விட்டேன். ஆனால் இரவு மீண்டும் திறந்தேன். திறந்தவன் சுபஹுக்குப் பாங்கு சொல்லும் வரையில் மூடவில்லை.

எங்கள் ஊர் மன்னார் மாவட்டத்தின் முசலிப் பகுதியில், அகத்திமுறிப்புக் குளத்துத் தண்ணீரை நம்பியிருந்த ஒரு சின்னக் கிராமம். ஒரு பக்கம் வயல், மறுபக்கம் காடு. பாலைப்பழக் காலத்தில் வாயெல்லாம் பால் ஒட்டிக்கொள்ளக் காட்டிலேயே கிடப்போம். வாப்பாவின் வாப்பா காடு வெட்டிப் பிடித்த காணி. பிற்காலத்தில் அதற்கு அரசாங்கப் பேர்மிற்றும் கிடைத்தது. ஐந்தாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்தேன். 1990 ஒக்டோபர் மாதத்துக் கடைசி நாட்களில் போகச் சொல்லி அறிவித்தார்கள். வடமாகாணம் முழுவதிலுமிருந்து சுமார் 75,000 முஸ்லிம்கள் அந்த நாட்களில் வெளியேற்றப்பட்டார்கள் என்பதைப் பிற்பாடு புத்தகங்களில் படித்து அறிந்தேன். அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம் எங்கள் ஊர் மட்டும்தான். வாப்பா பேர்மிற்றைப் பொலித்தீனில் சுற்றி, முகட்டு வளைக்கும் கிடுகுக்கும் இடையில் செருகினார். வழியில் பறித்துவிடுவார்கள் என்ற பயம். ஒரு கிழமையில் திரும்பிவிடலாம் என்ற நம்பிக்கை. கையில் கொண்டுவந்தது கொஞ்சம் உடுப்பு, ஒரு பித்தளைச் செம்பு, வாப்பாவின் சைக்கிள். சைக்கிளும் பிறகு விற்கப்பட்டது. அதன் டைனமோ மட்டும் ஏனோ இன்னும் எங்கள் வீட்டில் கிடக்கிறது.

காட்டுப் பாதையால் நடந்து வந்து, கற்பிட்டியில் தென்னந்தோட்டம் ஒன்றில் கிடுகுக் கொட்டிலுக்குள் புகுந்தோம். உம்மா வெங்காயத் தோட்டத்தில் கூலிக்குப் போனார். நான் நிவாரண அட்டையோடு வரிசையில் நின்று வளர்ந்து, அட்டாளைச்சேனை ஆசிரியர் கலாசாலையில் பயிற்சி முடித்து, மாஸ்டராகி விட்டேன். இந்தப் பகுதியை நமது எழுத்தாளர்கள் போதுமான அளவு எழுதிவிட்டார்கள். நான் மேலும் எழுதத் தேவையில்லை.

அடுத்த நாள் சனிக்கிழமை. மூன்று வெள்ளைத் தாள்களை எடுத்தேன். ஒன்றை உம்மாவிடம் கொடுத்தேன், ஒன்றை ராத்தாவிடம். மூன்றாவதை நானே வைத்துக்கொண்டேன். ஒருவர் கீறுவதை மற்றவர் பார்க்கக் கூடாது என்று பரீட்சை மண்டபம் மாதிரிச் சட்டமும் போட்டேன்.

"எனக்கு எங்க மகன் கீறத் தெரியும்?" என்றார் உம்மா. கொஞ்ச நேரம் பென்சிலை அகப்பைக் காம்பு மாதிரிப் பிடித்துக்கொண்டு இருந்தார். பிறகு தாளின் நடுவில் மூன்று சின்ன வட்டங்களைப் போட்டார். அடுப்புக் கல். சுவரும் இல்லை, அறையும் இல்லை. அடுப்பிலிருந்து தாளின் இடது ஓரத்துக்குப் புள்ளி புள்ளியாக வைத்துக்கொண்டு போனார். எண்ணிப் பார்த்தேன், பதினெட்டுப் புள்ளிகள். முடிவில் ஒரு பெரிய வட்டம்.

"கிணறு. பதினெட்டு நட" என்றார்.

எங்கள் வாசல் வடக்கே பார்த்தது. அந்தக் கணக்கில் உம்மாவின் கிணறு மேற்கே இருந்தது. ராத்தா அப்போது பதினைந்து வயதுக் குமர். அவர் அறைகளை ஒழுங்காகக் கீறி, யன்னல் வைத்து, வேலி போட்டு, கிணற்றைக் கிழக்கே வைத்திருந்தார். "காலையில குளிக்கக்க வெயில் மூஞ்சில அடிக்கும். எனக்குத் தெரியாதா?" என்று உம்மாவோடு சண்டைக்கே வந்துவிட்டார். என் தாளைப் பார்த்து இருவரும் சிரித்தார்கள். நான் கீறியிருந்தது ஒரு பெரிய புளியமரம். அதன் கீழே ஒரு சைக்கிள். ஒரு மூலையில் வீடு, பள்ளிவாசலை விடப் பெரிதாக. கிணற்றை நான் மறந்தே போயிருந்தேன்.

அப்போதுதான் அந்தப் புத்தகத்தில் ஒரு வீட்டுக்கு மூன்று தாள் எதற்கு என்பது விளங்கியது. வீட்டுக்காரரின் கோணல் கோட்டைக் கட்டடக் கலைஞர் நிமிர்த்தி விடுகிறார். அது பார்க்க ஒரு சான்றுப் பத்திரம் மாதிரி ஆகிவிடுகிறது, அலுவலகத்தில் கொடுக்கலாம் போலிருக்கிறது. ஆனால் நிமிர்த்தும்போது எதையோ விட்டுவிடுகிறார். உம்மாவின் பதினெட்டுப் புள்ளிகளை அவர் என்ன செய்வார்? ஒரு நேர்கோடு போட்டு 'பாதை' என்று எழுதுவார். விடுபட்டதைத் தேடித்தான் ஓவியர் மூன்றாவது தாளுக்குப் போகிறார் என்று நினைக்கிறேன். நான் சித்திரம் படித்தவனல்ல, பிழையாகவும் இருக்கலாம்.

இதே சனாதனன் 2004ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்து வீடுகளிலிருந்து பொருட்களைச் சேகரித்து, யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் காட்சிக்கு வைத்திருக்கிறார். 1981இல் எரிக்கப்பட்டு மீண்டும் எழுந்த அதே நூலகம். அங்கே கொடுக்க எங்களிடம் என்ன இருந்தது என்று யோசித்தேன். செம்பும் டைனமோவும்தான்.

சித்திர ஆசிரியர் நான் ஆர்வமாகிவிட்டதைக் கண்டு, கைத்தொலைபேசியில் இன்னும் சிலவற்றைக் காட்டினார். அவற்றில் ஒன்று ஒரு கூடாரம். அகதிகளுக்குக் கொடுக்கும் சாதாரணத் துணிக் கூடாரம்தான். அதன் மேல் கறுப்பு நூலால் ஊர்ப் பெயர்களைத் தைத்திருக்கிறார்கள். எமிலி ஜாசிர் என்ற பலஸ்தீனப் பெண் கலைஞர் 2001இல் நியூயோர்க்கில் செய்தது. 1948இல் அழிக்கப்பட்ட, மக்கள் வெளியேற்றப்பட்ட 418 பலஸ்தீனக் கிராமங்களின் பெயர்கள் அதிலே இருக்கின்றன. அவர் தனியாகத் தைக்கவில்லை. தன் வேலைக்கூடத்தைத் திறந்து வைத்தார், வந்தவர்கள் எல்லாரும் உட்கார்ந்து தைத்தார்கள். அந்த ஊர்களின் பிள்ளைகளும் வந்தார்கள். அந்த ஊர்கள் இருந்த நிலத்திலே பின்னர் வளர்ந்த இஸ்ரேலியர் சிலரும் வந்து தைத்தார்கள். எல்லாப் பெயரும் தைத்து முடியவில்லை. சில பெயர்கள் பென்சில் கோடாகவே நிற்கின்றன. அதுவும் முற்றுப்பெறாத தோம்புதான்.

பலஸ்தீனத்துக்காக நாம் குனூத் ஓதுகிறோம், ஊர்வலம் போகிறோம், கவிதை எழுதுகிறோம். செய்யத்தான் வேண்டும். ஆனால் அந்தக் கூடாரத்தைப் பார்த்தபோது எனக்குக் கிடுகுக் கொட்டில்தான் ஞாபகம் வந்தது. புத்தளத்தில் எங்கள் முகாம்களுக்குப் பழைய ஊர்களின் பெயரையே வைத்தோம். பலகையில் பெயின்ற்றால் எழுதித் தென்னையில் ஆணியடித்தோம். வெயிலில் பெயின்ற் உரிந்தது. யாரும் அதைக் கலை என்று சொல்லவில்லை, நாங்களும் நினைக்கவில்லை. ஒரு பலகையையாவது எடுத்து வைத்திருக்கலாம்.

யுத்தம் 2009 மே மாதத்தில் முடிந்தது. 2010இல் வாப்பா, நான், மாமா மூவரும் ஊரைப் பார்க்கப் போனோம். அங்கே ஊர் இருக்கவில்லை, காடு இருந்தது. இருபது வருடம் யாரும் வெட்டாத காடு. வயலுக்குள் உடைமரம். எங்கள் வீடு என்று வாப்பா அனுமானித்த இடத்தில், சமையலறை இருந்திருக்க வேண்டிய இடத்தில், என் தொடையளவு பருத்த ஒரு முதிரை நின்றது. ஊர் இருந்ததற்கு அடையாளம் புளியமரங்களும் கபுறடியில் சாய்ந்து கிடந்த மீசான் கட்டைகளும்தான். புளியமரம் காட்டுக்குள் தானாக வரிசையில் முளைக்காது. அது மனிதன் வைத்தது. இது எங்கள் பக்கத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் ஆகாயத்திலிருந்து எடுக்கும் படத்தில் புளியும் பச்சை, பாலையும் பச்சை.

முஹன்னத் காதர் என்ற நமது ஓவியர் ஒருவர் இருக்கிறார். அவர் நிலக்காட்சிகளை நாற்சதுரச் சட்டத்துக்குள் வரைவதில்லை. பலகையை வளைத்தும் நெளித்தும் வெட்டி, அந்த வடிவத்துக்குள் கடலையும் வானத்தையும் வரைகிறார். ஏன் இப்படிச் சட்டத்தை உடைக்கிறார் என்று சித்திர ஆசிரியரிடம் கேட்டேன். வெள்ளைக்காரத் துரைமார் நமது நாட்டைச் சட்டம் போட்டுத்தான் பார்த்தார்கள் என்றார். அதைக் கேட்டதும் எனக்கு அரிப்பிலே இடிந்து நிற்கும் அந்தப் பெரிய மாளிகை நினைவில் வந்தது. தேசாதிபதி நோர்த், முத்துக்குளிப்பைப் பார்வையிடுவதற்காகப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஆரம்பத்தில் கட்டியது. அந்த யன்னலுக்கூடாகப் பார்த்தால் கடலும் வள்ளங்களும் அழகாகத் தெரிந்திருக்கும். வள்ளத்திலிருந்து பாய்ந்தவனுக்குத் தெரிந்த கடல் வேறு.

சட்டம் போடுவது துரைமாரோடு முடியவில்லை. 2017 மார்ச்சில், மாவில்லு என்ற பெயரில் நாற்பதாயிரம் ஹெக்டேயருக்கு மேற்பட்ட நிலம் பாதுகாக்கப்பட்ட வனமாக வர்த்தமானியில் பிரகடனப்படுத்தப்பட்டது. மறிச்சுக்கட்டி, கரடிக்குளிப் பக்கத்துக் காணிகளும் அதற்குள் அகப்பட்டதாக மக்கள் ஆர்ப்பாட்டம் செய்தார்கள். காட்டைக் காக்க வேண்டும் என்பவர்களோடு எனக்குச் சண்டையில்லை. நான் வகுப்பில் சுற்றாடலும் படிப்பிக்கிறவன். வில்பத்து அழிந்தால் எனக்கும்தான் மழையில்லை. ஆனால் மக்களை விரட்டியதால் முளைத்த காட்டை, ஆதியிலிருந்தே நின்ற காடு என்று எழுதும்போது நடுவில் இருபது வருடம் எங்கே போனது என்று கேட்கத் தோன்றுகிறது.

எங்கள் காணி விடயமாக ஓர் அலுவலகத்துக்குப் பல தடவை நடந்தேன். பேர்மிற் இல்லை, முகட்டோடு போய்விட்டது. பழைய பதிவில் காணியின் எல்லைக்கு அடையாளமாகக் கிணறு ஒன்று சொல்லப்பட்டிருப்பதாக ஒருவர் தேடிக் கண்டுபிடித்துச் சொன்னார். எந்தப் பக்கத்து எல்லையில் என்பது கிழிந்த இடத்தில் போய்விட்டது. கிணற்றைக் காட்டினால் பார்க்கலாம் என்றார்கள். ஆகவே, கிணறு மேற்கா கிழக்கா என்பது எங்கள் வீட்டில் வெறும் ஞாபகச் சண்டை மாத்திரமல்ல. சென்ற தடவை போனபோது, உம்மா கீறிய தாளும் தவறுதலாகக் கோவைக்குள் இருந்துவிட்டது. உத்தியோகத்தர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது சின்னப் பிள்ள கீறினதா சேர்?"

ஆமென்று சொல்லிவிட்டேன். அந்தப் பொய்யை ஏன் சொன்னேன் என்று பஸ்ஸில் வரும் வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்தேன்.

ஒரே கோவையில் தமிழரையும் நம்மையும் வைத்தது எனக்குப் பிடிக்கவில்லை என்று சொன்னேன் அல்லவா? அதைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். வாப்பாவுக்கு ஒரு கூட்டாளி இருந்தார். கடற்கரைக் கிராமமொன்றைச் சேர்ந்த கத்தோலிக்கர். சம்மாட்டி மாமா என்போம். எங்கள் நெல் அவருக்கும் அவருடைய கருவாடு எங்களுக்கும் போய்வரும். 1990இல் நாங்கள் வெளியேறியபோது அவர் வரவில்லை, வாய் திறக்கவுமில்லை. வாப்பா அதை மௌத்தாகும் வரையில் மறக்கவில்லை. ஆனால் இரண்டொரு வருடத்துக்குப் பின்னர், யார் யாரோ கை மாறி ஒரு கடிதம் முகாமுக்கு வந்தது. ஊரில் வீடுகளைக் கழற்றுகிறார்கள், உங்கள் வாசல் கதவை மட்டும் நான் கழற்றிக் கொண்டுவந்து என் வீட்டுத் தாழ்வாரத்தில் சாத்தி வைத்திருக்கிறேன், வந்தால் எடுத்துக்கொள்ளலாம் என்று எழுதியிருந்தார். முதிரைப் பலகைக் கதவு. வாப்பாவின் வாப்பா செய்வித்தது. கடிதத்தை வாசித்த வாப்பா, "கதவ மட்டும்" என்று சொன்னார். வேறொன்றும் சொல்லவில்லை.

2010இல் அந்தக் கதவைத் தேடியும் போனோம். சம்மாட்டி மாமாவின் ஊரே அங்கே இருக்கவில்லை. முசலிப் பக்கம் 2007 செப்டெம்பரில் படையினர் வசமானபோது அவர்களும் இடம்பெயர்ந்து போயிருந்தார்கள். விசாரித்து, வேறொரு ஊரில் தகரக் கொட்டில் ஒன்றில் அவரைக் கண்டுபிடித்தோம். நன்றாக வயது போயிருந்தது. வாப்பாவைக் கண்டதும் எழும்பி நின்றார்.

"காக்கா, உங்கட கதவு…" என்று தொடங்கினார். அதற்கு மேல் சொல்லவில்லை. கதவும் போய்விட்டது, அது சாத்தியிருந்த தாழ்வாரமும் போய்விட்டது.

வாப்பா அவருக்குப் பக்கத்தில் பாயில் உட்கார்ந்தார். பிளேன்ரீ வந்தது. இருவரும் அந்த வருடத்து மழையைப் பற்றிப் பேசினார்கள். திரும்பி வரும்போது வாப்பா எதுவும் சொல்லவில்லை, கோபமாகவும் இருக்கவில்லை. இரண்டு வருடத்தில் மௌத்தாகிவிட்டார். அந்தக் கதவை யாராவது கீறச் சொன்னால் அதை எங்கள் வீட்டுத் தாளில் கீறுவதா, அவருடைய வீட்டுத் தாளிலா என்பது எனக்கு இன்னும் முடிவாகவில்லை. ஒரே கோவைக்குள் இருந்தால் எந்தத் தாளிலும் கீறலாம்.

புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். மூன்று தாள்களையும் காணிக் கோவைக்குள்ளேயே வைத்திருக்கிறேன். இப்போது தவறுதலாக அல்ல. வருகிற லீவில் கத்தியும் கயிறும் கொண்டுபோய், முதிரை நின்ற இடத்திலிருந்து இரண்டு பக்கமும் வெட்டிப் பார்ப்பது என்று நானும் மச்சானும் தீர்மானித்திருக்கிறோம். ராத்தா கிழக்கிலிருந்து தொடங்கச் சொல்கிறார்.

நேற்றிரவு உம்மா கூப்பிட்டார். தானும் வரவேண்டுமாம். முழங்கால் வலியோடு அவ்வளவு தூரம் எப்படிப் போவது, பதினெட்டு நடைதானே, நானே நடந்து பார்க்கிறேன் என்றேன்.

"உன்ட நடைக்கு வராது மகன். அது இடுப்புல குடத்தோட நடந்த நட."